பாட்டு ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது: இளம் ராக் பாடலாசிரியர்களின் முதல் ஹிட்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராக் இசை பற்றிப் பேச்சு வந்தால், "அட, இந்தப் பாட்டை எழுதினது இவரா? பாடினவர் எழுதினதுன்னுல்ல நினைச்சேன்!" என்று யாராவது ஒருவர் கேட்காமல் இருப்பதில்லை. எங்களிடம் திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களைக் கேட்டவர்களின் பேச்சிலேயே தொகுத்திருக்கிறோம். பெரும்பாலும் 1950களின் கடைசியிலிருந்து 1970கள் வரை நியூயார்க், லண்டன், மான்செஸ்டர், லாஸ் ஏஞ்சலஸ் நகரங்களில் நடந்தவை இவை. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி எழுதப்பட்டவை என்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. ராக் பாடகர்னாலே சொந்தமா எழுதிப் பாடுறவர்தானே? எழுதின பாட்டை எதுக்கு இன்னொருத்தர் கையில குடுக்கணும்?

அந்த எண்ணம் 1960களின் நடுவில்தான் வேரூன்றியது. பீட்டில்ஸும் பாப் டிலனும் தங்கள் பாட்டைத் தாங்களே பாடி விற்றுக் காட்டிய பிறகுதான், எழுதியவரே பாடுவது பெருமை என்றாயிற்று. அதற்கு முன் எழுதுபவர் ஒருவர், பாடுபவர் ஒருவர், எந்தப் பாட்டை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிப்பவர் வேறொருவர். எல்விஸ் பிரெஸ்லியே பிறர் எழுதியதைப் பாடியவர்தான்.

கொடுத்ததற்கான காரணம் ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு ரெக்கார்டு ஒப்பந்தமே இல்லை. சிலருக்கு ஒப்பந்தம் இருந்தது, ரெக்கார்டு விற்கவில்லை. சிலருடைய குரல் ரேடியோவுக்கு ஆகாது என்று கம்பெனிக்காரர்கள் நினைத்தார்கள். நீல் செடாகா, தன் நண்பர் ஹோவர்ட் கிரீன்ஃபீல்டுடன் எழுதிய 'ஸ்டுப்பிட் க்யூபிட்' பாட்டை 1958இல் கோனி ஃபிரான்சிஸுக்குக் கொடுத்தபோது அவருக்கு 19 வயது. பாடகராக அவர் பெயர் எடுத்தது அதற்குப் பிறகுதான்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: பாட்டு வேறு, ரெக்கார்டு வேறு. மெட்டும் வரியும் சேர்ந்தது ஒரு சொத்து. அதை ஒருவர் பாடிப் பதிவு செய்த ஒலி இன்னொரு சொத்து. முதலாவது எழுதியவருக்கும் பப்ளிஷருக்கும் உரியது. இரண்டாவது பொதுவாக ரெக்கார்டு கம்பெனிக்கு. ஒரு பாட்டை நூறு பேர் பாடினாலும் ரெக்கார்டுதான் நூறு, பாட்டு ஒன்றே. கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த வேறுபாடு பிடிபடாததால் எழுந்தவை.

2. பப்ளிஷர்னா புத்தகம் போடுறவரா? பாட்டுக்கு எதுக்குப் பப்ளிஷர்?

ஆரம்பத்தில் அச்சுப் போடுபவர்தான். ரெக்கார்டு பரவுவதற்கு முன், வீட்டில் பியானோ வைத்திருப்பவர்களுக்காகப் பாட்டை இசைக்குறிப்புடன் அச்சடித்து விற்றார்கள். 1950களில் அச்சு வியாபாரம் சுருங்கிவிட்டது. பாட்டுக்கு ஏற்ற பாடகரைப் பிடிப்பதும், வரும் காசை வசூலித்துப் பங்கு பிரிப்பதுமே வேலையாயிற்று. அதற்குக் கூலியாக எழுத்தாளரிடமிருந்து காப்புரிமையை எழுதி வாங்கிக்கொண்டு, வருமானத்தில் பாதியை வைத்துக்கொள்வார்.

நியூயார்க்கில் இந்தத் தொழிலின் மையமாக எல்லோரும் சொல்வது 'ப்ரில் பில்டிங்'. அது பிராட்வே 1619ஆம் எண் கட்டடம். ஆனால் நாம் பேசப்போகும் இளைஞர்களில் பலர் உட்கார்ந்து எழுதியது சற்றுத் தள்ளி 1650ஆம் எண்ணில். ஆல் நெவின்ஸும் டான் கிர்ஷ்னரும் 1958இல் தொடங்கிய ஆல்டன் மியூசிக் அங்கேதான் இருந்தது. இரண்டையும் ஒரே பெயரில் அழைக்கும் பழக்கம் இன்றும் போகவில்லை.

3. பத்தொன்பது, இருபது வயசுப் பசங்க ஆபீஸ் போற மாதிரி போய்ப் பாட்டு எழுதினாங்களாமே, நிஜமா?

நிஜம். ஆல்டனில் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பியானோ, நாற்காலி, மேசை. பக்கத்து அறையில் வாசிப்பது சுவரைத் தாண்டிக் கேட்கும். ஜெரி காஃபின்–கேரல் கிங், பேரி மேன்–சிந்தியா வெய்ல், செடாகா–கிரீன்ஃபீல்டு என்று ஜோடி ஜோடியாக எழுதினார்கள். ஒரு பாடகருக்கு அடுத்த பாட்டு வேண்டும் என்ற செய்தி வந்தால் எல்லா ஜோடியும் அதற்கே முயலும். ஒன்றுதான் தேறும்.

1960இல் ஷிரெல்ஸ் என்ற கறுப்பினப் பெண்கள் குழுவுக்குப் பாட்டு தேவைப்பட்டது. கேரல் கிங்குக்கு 18 வயது, கையில் கைக்குழந்தை. கணவர் காஃபினுக்கு 21. பகலில் வேதியியல் கூடத்தில் வேலை. கிங் வீட்டில் மெட்டுப் போட்டு டேப் ரெக்கார்டரில் பதிந்துவைத்துவிட்டு வெளியே போனார். காஃபின் வந்து டேப்பைப் போட்டுக் கேட்டு வரி எழுதினார். 'வில் யூ லவ் மீ டுமாரோ' பிறந்தது இப்படித்தான். இன்று இரவு காதலிக்கிறாய், நாளைக்கும் காதலிப்பாயா என்று ஒரு பெண் நேராகக் கேட்கும் பாட்டு அது. 1960இல் ரேடியோவில் அதைக் கேட்பதற்கே துணிச்சல் வேண்டியிருந்தது.

ஷிரெல்ஸின் முன்னணிப் பாடகி ஷெர்லி ஓவன்ஸுக்கு டெமோ, அதாவது மாதிரிக்குப் பாடிக்காட்டிய பதிவு, பிடிக்கவில்லை, நாட்டுப்புற 'கன்ட்ரி' வாடை அடிக்கிறது என்றார். பதிவின்போது வயலின்களுக்கான பகுதியைக் கிங்கே எழுதினார்; அது சேர்ந்ததும் பாட்டு வேறாகிவிட்டது. 1961 ஜனவரியில் அமெரிக்காவின் வாராந்தர ஹிட் பட்டியலில் முதலிடம். கறுப்பினப் பெண்கள் குழு ஒன்று அந்த இடத்தைத் தொட்டது அதுவே முதல் முறை. காஃபின் வேலையை விட்டார்.

4. டெமோங்கிறது என்ன? செல்போன்ல பாடி அனுப்புற மாதிரியா?

நோக்கம் அதுவேதான், வழி வேறு. எழுதியவரோ வாடகைக் குரலோ பாட, ஒரு பியானோ அல்லது கிட்டார், சில சமயம் பேஸும் டிரம்ஸும் சேர்த்துச் சின்ன ஸ்டூடியோவில் பதிவார்கள். பிறகு அலுமினியத் தகட்டின் மேல் லாக்கர் பூசிய 'அசிடேட்' தட்டில் வெட்டுவார்கள். அது கடையில் விற்கும் வினைல் போல உறுதியானதல்ல. ஊசி ஓட ஓடப் பள்ளம் தேயும். முதலில் மங்குவது உச்ச ஒலிகள். ஆகவே ஒரே தட்டைப் பத்து கம்பெனிக்கு எடுத்துப் போனால் கடைசி ஆள் கேட்பது இரைச்சலைத்தான். ஆளுக்கு ஒரு புதுத் தட்டு வெட்டுவதே சரி.

டெமோவில் கவனிக்கவேண்டியவை சில. பாடப்போகிறவரின் கட்டையில் இருக்கவேண்டும். எழுதியவருக்கு வசதியான கட்டையில் பாடினால், கேட்பவர் 'இது நமக்கு எட்டாது' என்று வைத்துவிடுவார். அந்தக் காலத்து சிங்கிள், அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டுடன் தனியாக விற்கும் சின்ன ரெக்கார்டு, இரண்டரை நிமிடம் என்பதால் பல்லவி முதல் நிமிடத்துக்குள் வந்தாக வேண்டும். வரி தெளிவாகக் கேட்கவேண்டும். எல்லாவற்றையும்விட, குரலில் அதிக அலங்காரம் கூடாது. டெமோ பாடியவரின் முத்திரை பலமாக இருந்தால் பாடகருக்கு அதில் தன் இடம் தெரியாது.

டிலன் 1962 முதல் 1964 வரை விட்மார்க் என்ற பப்ளிஷருக்காக இப்படி வரிசையாகப் பாடிக் கொடுத்திருக்கிறார். அந்த டெமோக்கள் 2010இல் ஆல்பமாகவே வெளிவந்தன. இருமலும், பாதியில் நிறுத்துவதும் அதில் அப்படியே இருக்கின்றன. பாட்டை எழுதிக்காட்டுவதற்கும் பாடிக்காட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் தெரிய அதைக் கேட்கலாம்.

5. டெமோவே நல்லா இருந்துட்டா? அதையே வெளியிட்டுட வேண்டியதுதானே?

அப்படியும் நடந்தது. காஃபினும் கிங்கும் 'தி லோகோ-மோஷன்' பாட்டை டீ டீ ஷார்ப் என்ற பாடகிக்காக எழுதினார்கள். டெமோ பாடியவர் ஈவா பாய்ட்; அவர்கள் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்ட இளம்பெண். ஷார்ப் தரப்பு வேண்டாம் என்றது. கிர்ஷ்னருக்கு டெமோவின் குரல் பிடித்துப்போக, 'லிட்டில் ஈவா' என்ற பெயரில் வெளியிட்டார். 1962இல் முதலிடம்.

அதே ஆண்டு பாபி வீ என்ற பாடகருக்காகக் கிங் பாடிய டெமோ ஒன்றும் அவர் பெயரிலேயே வெளியாகி, அமெரிக்காவில் 22ஆம் இடமும் பிரிட்டனில் 3ஆம் இடமும் பெற்றது. ஆனாலும் அவர் முழுநேரப் பாடகியாக மாற இன்னும் பல ஆண்டு ஆயிற்று.

6. பெரிய ஊர்ல, பெரிய ஆபீஸ்ல இருந்தவங்களுக்குச் சரி. எங்கேயோ துணிக்கடையில வேலை பார்த்த பையனோட பாட்டை யாரு கேட்டிருப்பாங்க?

துணிக்கடை என்றாலே கிரஹாம் கோல்ட்மன்தான் நினைவுக்கு வருகிறார். மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டுக்காரர். பகலில் ஆண்கள் உடுப்புக் கடையில் வேலை. இரவில் மாக்கிங்பேர்ட்ஸ் என்ற தன் குழுவுடன் கச்சேரி. 18 வயதில் 'ஃபார் யுவர் லவ்' எழுதினார். அவர் குழுவின் ரெக்கார்டு கம்பெனி அதை வேண்டாம் என்று தள்ளிவிட்டது.

அவருடைய மேனேஜர் ஹார்வி லிஸ்பர்க் மனம் தளரவில்லை. டெமோ ஒரு பப்ளிஷரின் ஆளிடம் போயிற்று. அவர் அதை எடுத்துக்கொண்டு லண்டன் ஹாமர்ஸ்மித் ஓடியன் அரங்குக்குப் போனார். அங்கே பீட்டில்ஸின் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி. அதே மேடையில் யார்ட்பேர்ட்ஸ் குழுவும் இருந்தது. அதுவரை பெரிய ஹிட் இல்லாமல் தவித்த அவர்கள் பாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். 1965இல் பிரிட்டனில் 3ஆம் இடம், அமெரிக்காவில் 6ஆம் இடம்.

பாட்டின் அடித்தளம் நான்கே கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டுகள்): இ மைனர், ஜி, ஏ மேஜர், ஏ மைனர். மூன்றாவதிலிருந்து நான்காவதற்குப் போகும்போது மாறுவது ஒரே ஒரு சுரம். ஏ-யை சட்ஜமாக வைத்துப் பார்த்தால் அந்தர காந்தாரம் சாதாரண காந்தாரமாக இறங்குகிறது, அவ்வளவுதான். வெயில் போய் நிழல் விழுந்த மாதிரி இருக்கும். கிட்டார் இருந்தால் இந்த நான்கையும் மெதுவாக வாசித்துப் பாருங்கள். டெமோவைக் கேட்ட உடனே ஏன் பிடித்தது என்பது தெரிந்துவிடும். பதிவில் ஹார்ப்சிகார்டும் பாங்கோவும் முன்னால் நிற்க, கிட்டாருக்கு நடுப்பகுதியில் மட்டுமே வேலை. புளூஸ் வாசிக்க வந்த எரிக் கிளாப்டன் இது தன் வழியில்லை என்று 1965 மார்ச்சில் குழுவைவிட்டு விலகினார்.

கோல்ட்மன் தொடர்ந்து எழுதினார். யார்ட்பேர்ட்ஸுக்கு 'ஹார்ட் ஃபுல் ஆஃப் சோல்', ஹாலிஸுக்கு 'பஸ் ஸ்டாப்', ஹெர்மன்ஸ் ஹெர்மிட்ஸுக்கு 'நோ மில்க் டுடே'. வரி எழுதுவதில் அவர் அப்பா ஹைம் கோல்ட்மன் பெரிய துணை. பஸ் நிறுத்தத்தில் மழையில் குடை பகிரும் அந்தத் தொடக்கம் அப்பாவுடையது. இத்தனைக்கும் மாக்கிங்பேர்ட்ஸுக்கு ஒரு ஹிட்டும் வரவில்லை. பிபிசியின் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' மான்செஸ்டரில் படமானபோது, நிகழ்ச்சிக்கு முன் கூட்டத்தைக் குஷிப்படுத்தும் வேலை அவர்களுக்கு. அவர்கள் வாசித்து முடித்து இறங்கியபின், யார்ட்பேர்ட்ஸ் ஏறி 'ஃபார் யுவர் லவ்' பாடிய நாளும் உண்டு. கோல்ட்மன் சொந்தக் குரலில் வெற்றி கண்டது 1972க்குப் பிறகு, டென்சிசி குழுவில்.

7. அப்போ எல்லாமே மேனேஜர் கையிலதானா?

பாதிக்கு மேல். ஒரே மேனேஜரிடம் எழுதுபவரும் பாடுபவரும் இருந்தால் பாட்டு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போனால் போதும். ஆல்பர்ட் கிராஸ்மன் டிலனுக்கும் பீட்டர், பால் அண்ட் மேரி குழுவுக்கும் மேனேஜர். டிலனின் 'ப்ளோயின் இன் தி விண்ட்' 1963இல் அந்தக் குழுவின் குரலில் அமெரிக்காவில் 2ஆம் இடம் வரை போனது. பிரையன் எப்ஸ்டீன் பீட்டில்ஸுடன் பில்லி ஜே. கிரேமர், சில்லா பிளாக், ஃபோர்மோஸ்ட் ஆகியோரையும் கவனித்தார். மூவருக்கும் பீட்டில்ஸின் லெனன்–மெக்கார்ட்னி ஜோடி எழுதிய பாட்டு கிடைத்தது. முன்சொன்ன லிஸ்பர்க்கிடம்தான் ஹெர்மன்ஸ் ஹெர்மிட்ஸும் இருந்தார்கள்.

இதில் ஒரு முள் உண்டு. மேனேஜர் உங்களுக்காகப் பேரம் பேசவேண்டியவர். அவரே பப்ளிஷரிடமும் பங்கு வைத்திருந்தால் யார் பக்கம் பேசுவார்? கிராஸ்மனுக்கு அப்படிப் பங்கு இருந்தது. பின்னாளில் அவருக்கும் டிலனுக்கும் கோர்ட்டில் வழக்கு நடந்தது.

8. பீட்டில்ஸும் ரோலிங் ஸ்டோன்ஸும் எதிரிங்கன்னு சொல்றாங்க. அப்புறம் எப்படிப் பாட்டு குடுத்தாங்க?

எதிரிகள் என்பது பத்திரிகைக்காரர்கள் வளர்த்தது. 1963 செப்டம்பரில் ஸ்டோன்ஸுக்கு அடுத்த சிங்கிளுக்குப் பாட்டில்லை. அவர்கள் மேனேஜர் ஆண்ட்ரூ லூக் ஓல்டம் லண்டன் தெருவில் லெனனையும் மெக்கார்ட்னியையும் சந்தித்து ஒத்திகை நடந்த இடத்துக்குக் கூட்டிப்போனார். பாதி எழுதியிருந்த 'ஐ வான்னா பி யுவர் மேன்' பாட்டை இருவரும் அங்கேயே ஒரு மூலையில் உட்கார்ந்து முடித்துக் கொடுத்தார்கள். பிரிட்டனில் 12ஆம் இடம். பீட்டில்ஸ் அதைத் தங்கள் டிரம்மர் ரிங்கோ பாடும் ஆல்பம் பாட்டாக வைத்துக்கொண்டார்கள்.

கண்ணெதிரே ஒரு பாட்டு முடிவதைப் பார்த்தது ஸ்டோன்ஸின் ஜாகரையும் ரிச்சர்ட்ஸையும் எழுதத் தூண்டியது. ஓல்டமும் விடாமல் விரட்டினார். அவர்களுடைய முதல் பாட்டுகளும் பிறருக்கே போயின. ஜீன் பிட்னி பாடியது 1964இல் பிரிட்டனில் 7ஆம் இடம். 17 வயது மரியான் ஃபெய்த்ஃபுல் பாடிய 'ஆஸ் டியர்ஸ் கோ பை' 9ஆம் இடம். மென்மையான சோகப் பாட்டு தங்கள் முரட்டுப் பாணிக்குப் பொருந்தாது என்று வெளியே கொடுத்தார்கள். தாங்களே எழுதிய ஒன்றை, 'தி லாஸ்ட் டைம்', பிரிட்டனில் சிங்கிளின் முன்பக்கமாகப் போட 1965 வரை துணியவில்லை.

9. நல்லதை வச்சுக்கிட்டு கழிச்சதைத்தானே அடுத்தவருக்குக் குடுப்பாங்க?

கழித்தவர் கண்ணுக்குக் கழிவு, அவ்வளவுதான் சொல்லமுடியும். மெக்கார்ட்னி பதின்வயதில் எழுதிய 'எ வேர்ல்ட் விதவுட் லவ்' பாட்டின் முதல் வரியைக் கேட்டு லெனன் சிரித்துவிட்டார். பில்லி ஜே. கிரேமரும் வேண்டாம் என்றார். அதுவரை ரெக்கார்டே போடாத பீட்டர் அண்ட் கோர்டன் ஜோடி அதை 1964இல் பாட, பிரிட்டன், அமெரிக்கா இரண்டிலும் முதலிடம்.

தன் பெயருக்காகத்தான் பாட்டு ஓடுகிறதோ என்ற ஐயம் மெக்கார்ட்னிக்கே இருந்தது. 1966இல் அதே ஜோடிக்குக் கொடுத்த 'வுமன்' பாட்டில் 'பெர்னார்ட் வெப்' என்று கற்பனைப் பெயரைப் போடச் சொன்னார். அமெரிக்காவில் 14ஆம் இடம் வரை போயிற்று.

டேவிட் போவி விஷயம் நேர் எதிர். 1972இல் கலைந்துபோக இருந்த மாட் தி ஹூப்பிள் குழுவுக்கு முதலில் 'சஃப்ரஜெட் சிட்டி' கொடுத்தார், அவர்கள் ஏற்கவில்லை. பிறகு 'ஆல் தி யங் டூட்ஸ்' கொடுத்தார். பிரிட்டனில் 3ஆம் இடம். அது கழித்த பாட்டு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

10. ஒரு ரெக்கார்டு வித்தா எழுதினவருக்கு எவ்வளவு கிடைக்கும்? கணக்காச் சொல்லுங்க.

அமெரிக்காவில் 1909 சட்டம் ஒரு பிரதிக்கு ஒரு பாட்டுக்கு 2 சென்ட் என்று வைத்தது. 1977 முடியும்வரை அதே 2 சென்ட். சிங்கிள் பத்து லட்சம் விற்றால் 20,000 டாலர். பப்ளிஷருக்குப் பாதி போக மீதி 10,000. எழுதியவர் இருவர் என்றால் ஆளுக்கு 5,000. பிரிட்டனில் அன்று சென்ட் கணக்கில்லை; 1956 சட்டப்படி சில்லறை விலையில் 6.25 சதவீதம்.

பி-சைடு பாட்டுக்கும் அதே தொகை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். யாரும் கேட்காவிட்டாலும் ரெக்கார்டின் பின்பக்கம் சேர்ந்தே விற்கிறதே! அந்த இடத்துக்கு நடந்த போட்டி கொஞ்சநஞ்சமல்ல. இதைத்தவிர ரேடியோவில் ஒலிக்கும்போது ஆஸ்காப், பிஎம்ஐ போன்ற சங்கங்கள் வசூலித்து எழுதியவருக்குத் தரும். அமெரிக்க ரேடியோ நிலையங்கள் எழுதியவருக்குத்தான் கொடுக்கும், பாடியவருக்குக் கொடுப்பதில்லை. ஆக முப்பது வருஷம் கழித்து ரேடியோவில் ஓடும் பழைய ஹிட்டால் காசு பார்ப்பவர் எழுதியவரே.

முன்பணம் என்று வாங்குவது இந்தப் பங்கிலிருந்து கழிக்கப்படும் கடன். அது அடையும்வரை ராயல்டி கணக்கில் பூஜ்யம்தான் தெரியும். வாரச் சம்பளம் என்று கொடுத்ததும் பெரும்பாலும் இந்த வகைதான்.

11. எழுதாதவர் பேரெல்லாம் எழுதினவர் இடத்துல எப்படி வந்துச்சு?

'உன் பாட்டை நட்சத்திரம் பாடவேண்டுமானால் அவர் பெயரையும் போடு' என்ற பேரம். 'டோன்ட் பி க்ரூயல்' பாட்டை எழுதியவர் ஓட்டிஸ் பிளாக்வெல், இருபதுகளில் இருந்த கறுப்பின இளைஞர். 1956இல் வந்த ரெக்கார்டில் எல்விஸ் பெயரும் சேர்ந்திருக்கிறது. பிளாக்வெல் டெமோவில் பாடிய விதத்தையே எல்விஸ் பின்பற்றினார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் மனம் கனக்கிறது. முழுப்பங்கும் இழப்பதா, பாதிப்பங்குடன் பெரிய ஹிட் பெறுவதா என்ற நிலையில் அவர் இரண்டாவதை எடுத்தார். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை.

மறுத்தவரும் உண்டு. எல்விஸ் தரப்பு பப்ளிஷிங்கில் பாதி கேட்டபோது டாலி பார்ட்டன் 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' பாட்டைக் கொடுக்கவில்லை. 1992இல் விட்னி ஹூஸ்டன் பாடியபோது முழுப்பங்கும் பார்ட்டன் கையில் இருந்தது.

12. பதினெட்டு, பத்தொன்பதுல போட்ட கையெழுத்து செல்லுமா?

அன்று அமெரிக்காவில் 21 நிரம்பாதவர் மைனர். மைனர் போட்ட ஒப்பந்தத்தைப் பின்னால் மறுக்கலாம் என்பதால் பெற்றோரும் கையெழுத்திட வேண்டும். 'ஹவுண்ட் டாக்' பாட்டை பிக் மாமா தார்ன்டனுக்காக 1952இல் எழுதியபோது ஜெரி லீபருக்கும் மைக் ஸ்டோலருக்கும் 19 வயது. அவர்கள் சார்பில் தாய்மார்கள் கையெழுத்திட்டார்கள். வாத்தியக்குழுத் தலைவர் ஜானி ஓட்டிஸ் தானும் பங்காளி என்றார். எல்விஸ் பாடி லட்சக்கணக்கில் விற்றபின் வழக்கு முற்றியது. பாட்டு லீபர்–ஸ்டோலருடையது என்று தீர்ப்பாயிற்று.

13. கேக்காமலே யாராவது பாடிட்டா? வரியை மாத்திட்டா?

ஒரு பாட்டின் முதல் ரெக்கார்டுக்கு உரிமையாளரின் அனுமதி கட்டாயம். அமெரிக்காவில் ஒருமுறை வெளிவந்துவிட்டால், 10ஆம் கேள்வியில் சொன்னதுபோல் சட்டம் அந்தந்தக் காலத்தில் வைக்கும் தொகையைச் செலுத்திவிட்டு யாரும் பாடலாம், தடுக்கமுடியாது. தங்கள் பாணிக்கு ஏற்ற தாளமும் வாத்தியமும் மாற்றலாம். அடிப்படை மெட்டையோ பாட்டின் தன்மையையோ மாற்ற ஒப்புதல் வேண்டும்.

புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1973இல் வெளியிட்ட 'பிளைண்டட் பை தி லைட்' விற்கவே இல்லை. அதை மேன்ஃபிரட் மேன்ஸ் எர்த் பேண்ட் சின்தசைசரும் நீண்ட வாசிப்புமாகப் புதுப்பித்து, பல்லவியில் ஒரு சொல்லையும் மாற்றிப் பாட, 1977இல் அமெரிக்காவில் முதலிடம். மாற்றிய சொல்லை இன்றுவரை பலர் தப்பாகவே கேட்கிறார்கள். எழுதியவர் என்ற முறையில் ஸ்பிரிங்ஸ்டீனுக்கு அந்தப் பட்டியலில் கிடைத்த ஒரே முதலிடம் அதுதான்.

14. யாருகிட்டக் குடுத்தா ஓடும்னு எப்படித் தெரியும்?

சொந்தப் பாட்டு குறைவாகவும் நல்ல காதும் உள்ள குழுவைத் தேடவேண்டும். அந்த வகையில் திரீ டாக் நைட்டுக்கு இணை இல்லை. மூன்று முன்னணிப் பாடகர்கள். யார் என்றே தெரியாத எழுத்தாளர்களைக் கண்டுபிடித்துப் பாடினார்கள். ஹாரி நில்சனின் 'ஒன்' 1969இல் 5ஆம் இடம். ராண்டி நியூமனின் 'மாமா டோல்ட் மீ நாட் டு கம்' 1970இல் முதலிடம். எல்டன் ஜான்–பெர்னி டாப்பினின் 'யுவர் சாங்' பாட்டையும் எல்டனுக்கு முன்பே ஆல்பத்தில் போட்டார்கள். ஆனால் அதை சிங்கிளாக்காமல் அவருக்கே விட்டுவைத்தார்கள். தொழிலில் அரிதாகக் காணும் கண்ணியம் அது.

15. லாரா நைரோ பாட்டெல்லாம் மத்தவங்க பாடினா ஹிட், அவங்க பாடினா இல்லையே, ஏன்?

அவர் பாடும்போது பாட்டின் நடுவில் வேகம் கூடும், குறையும், நிற்கும். கேட்கக் கேட்க ஆழம். ஆனால் காரில் ரேடியோ கேட்பவருக்குக் கால் தட்டத் தாளம் பிடிபடாது. ஃபிஃப்த் டைமென்ஷன் குழு அதே பாட்டைச் சீரான தாளத்தில் அடுக்குக் குரல்களில் பாடியது. 'வெட்டிங் பெல் ப்ளூஸ்' 1969இல் முதலிடம். பிளட், ஸ்வெட் அண்ட் டியர்ஸ், பார்பரா ஸ்ட்ரைசண்ட், திரீ டாக் நைட் எல்லோரும் அவர் பாட்டால் ஹிட் கண்டார்கள். அவர் குரலில் பட்டியலுக்குள் நுழைந்த ஒரே சிங்கிள் 92ஆம் இடத்தில் நின்றது. அதுவும் காஃபின்–கிங் எழுதிய 'அப் ஆன் தி ரூஃப்'. அவருடைய ஆல்பங்களைக் கேட்காதவர்கள் கட்டாயம் கேட்கவேண்டும். நகல்களைவிட மூலம் பல மடங்கு உயரத்தில் இருக்கிறது.

ஜோனி மிட்செல் வேறு விதம். 'போத் சைட்ஸ் நௌ' 1968இல் ஜூடி காலின்ஸ் குரலில் 8ஆம் இடம் வந்தது. மிட்செல் அதற்குள் சொந்தப் பப்ளிஷிங் கம்பெனி வைத்திருந்தார். 2ஆம் கேள்வியில் சொன்ன அந்தப் பாதியும் அவருக்கே.

16. அடுத்தவர் பாடி ஊரே கேட்ட பாட்டைத் திரும்பத் தானே பாடினா யாரு வாங்குவாங்க?

கேரல் கிங்கின் 1971 ஆல்பம் 'டேப்பஸ்ட்ரி'யில் அந்த 'வில் யூ லவ் மீ டுமாரோ' இருக்கிறது. ஷிரெல்ஸ் பாடியபோது ஆடத் தோன்றும். கிங் வேகத்தைக் குறைத்து, பியானோவை முன்வைத்துப் பாடினார். 18 வயதில் எழுதிய கேள்வியை மணமுறிவுக்குப் பின் 29ஐ நெருங்கும் பெண் கேட்கிறாள். வரி மாறவில்லை, பொருள் மாறிவிட்டது. பின்குரலில் ஜேம்ஸ் டெய்லரும் ஜோனி மிட்செலும். ஆல்பம் 15 வாரம் முதலிடத்தில் இருந்தது.

அதே ஆல்பத்தின் 'யூ'வ் காட் எ ஃபிரெண்ட்' பாட்டை ஜேம்ஸ் டெய்லர் சிங்கிளாகப் பாடி 1971இல் முதலிடம் பெற்றார். பாட்டு வேறு, ரெக்கார்டு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது: ஒரே ஆண்டில் ஒரே பாட்டு இரண்டு பேருக்கும் சோறு போட்டது.

17. ஒரு பாட்டு ஹிட் ஆனதே அதுல வர்ற ஆர்கன் வாசிப்பாலன்னா, வாசிச்சவருக்குப் பங்கு உண்டா?

பொதுவாக இல்லை. அன்றைய வாசிப்புக் கூலியோடு சரி. 'ஃபார் யுவர் லவ்' ஹார்ப்சிகார்டு பாட்டின் முகமே என்றாலும், எழுதியவர் கோல்ட்மன் மட்டும்தான்.

விதிவிலக்கு ஒன்று பெரிதாகப் பேசப்பட்டது. புரோகோல் ஹாரமின் 1967 பாட்டு 'எ ஒயிட்டர் ஷேட் ஆஃப் பேல்'. அதில் ஆர்கன் வாசித்த மேத்யூ ஃபிஷர், அந்த ஆர்கன் மெட்டு தன் படைப்பு என்று ஏறக்குறைய 40 ஆண்டு கழித்து வழக்குப் போட்டார். 2009இல், அப்போது இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிட்டனின் பிரபுக்கள் சபை அவருக்கு இசை உரிமையில் 40 சதவீதம் உண்டு என்று உறுதிசெய்தது. ஆனால் கடந்த காலத்துக்கான பாக்கி கிடைக்கவில்லை. ஆகவே பங்கு யார் யாருக்கு என்பதைப் பதிவு முடிந்த அன்றே காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

18. இன்னிக்கும் இந்த வழி திறந்திருக்கா? நான் என்ன செய்யணும்?

திறந்திருக்கிறது. டெமோ இன்று வீட்டுக் கணினியிலேயே முடிந்துவிடும். குரலுடன் ஒன்று, குரலில்லாமல் வாத்தியம் மட்டும் ஒன்று என இரண்டு பிரதி வையுங்கள். வரிகளைத் தட்டச்சு செய்து, எழுதியவர்கள் பெயர், பங்கு சதவீதம், கட்டை, வேகம் ஆகியவற்றை அதே கோப்பில் சேருங்கள். கட்டை விஷயத்தில் 4ஆம் பதிலில் சொன்னது இன்றும் மாறவில்லை.

எழுத்தாளர் சங்கத்தில் சேர்ந்து பாட்டைப் பதிவு செய்யாவிட்டால் வசூலான காசு உங்களைத் தேடி வராது. இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஐபிஆர்எஸ். 2012 திருத்தத்துக்குப் பின் இந்தியச் சட்டப்படி, சினிமாவில் வரும் பாட்டானாலும் எழுத்தாளரின் ராயல்டி பங்கை வாரிசுக்கோ சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்கமுடியாது. 11ஆம் கேள்வியில் வந்த மாதிரி பேரம் எழுந்தால் இது நினைவில் இருக்கட்டும். அமெரிக்காவில் தட்டு, டவுன்லோடு விற்பனைக்கான தொகை 2023 முதல் 12 சென்ட் ஆயிற்று; அதன்பின் ஆண்டுதோறும் விலைவாசிக்கேற்ப மாறுகிறது. ஸ்ட்ரீமிங் கணக்கு முற்றிலும் வேறு.

19. பாடறேன்னு வாங்கி வச்சுக்கிட்டு வருஷக்கணக்கா பாடாமலே இருந்தா?

தொழிலில் அதற்கு 'ஹோல்டு' என்று பெயர். பெரும்பாலும் வாய்வார்த்தைதான், காசு கைமாறாது. ஆனால் அந்தச் சமயத்தில் வேறு ஒருவருக்குக் கொடுத்தால் உறவு கெடும். கொடுக்கும்போதே எந்தத் தேதிவரை என்று மின்னஞ்சலில் கேட்டு எழுதி வாங்குங்கள். மூன்று மாதம் என்றால் மூன்றாம் மாதக் கடைசியில் ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். பதில் வராவிட்டால், பாட்டைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்தவருக்கு அனுப்பலாம். முதல் பதிவுக்கு உங்கள் அனுமதி கட்டாயம் என்பதால் அதுவரை பாட்டு உங்களுடையதே.